சூடேறாத டிரம்

சாயங்காலம் நாலு மணி தாண்டினால் நாராயணசாமிக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். மலைக்கு ஆள் ஏற்றும் அவருடைய ஜீப் வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வருவார். ஓட்டிக்கொண்டு வந்தவன் முகத்தை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சக்கரத்து ஓட்டை வழியாக விரலை விட்டு உள்ளே இருக்கும் பிரேக் டிரம்மைத் தொடுவார். விரல் சுட்டால் வண்டி வெள்ளிமலைக்குப் போய் இறங்கி வந்திருக்கிறது. சுடாவிட்டால் வேறெங்கோ போய்விட்டு வந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்குகிற வண்டி வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தாக வேண்டும், மிதித்தால் டிரம் கொதித்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவர் கண்ட உண்மை இது.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் தையல்காரன். மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருந்ததால் அந்த வீட்டில் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியைச் சுவர் வழியாகக் கேட்டேன்.

டிரம்மைத் தொட்டு அவர் ஆளைப் பிடித்த கதை ஊருக்கே தெரியும். எண்பத்து மூன்றாம் வருஷம் தைரியநாதன் என்று ஒரு டிரைவரை வைத்திருந்தார். சங்கராபுரம் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டார். அவர் ஓட்டினால் டிரம் அவ்வளவாகச் சுடுவதில்லை என்று நாராயணசாமிக்கு முதலிலிருந்தே ஒரு கண். ஒருநாள் வெள்ளிமலைக்குப் போய் வந்தேன் என்றார். நாராயணசாமி தொட்டுப் பார்த்தார், டிரம் சுடவில்லை. அன்றைக்கு எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாணம். நம் வண்டியைக் கல்யாணத்துக்கு ஓட்டிக் காசு பார்த்துவிட்டு மலைக்குப் போனேன் என்று சொல்கிறான் என்று முடிவு கட்டினார். ஜீப் நிற்கிற இடத்தில் இருபது பேருக்கு முன்னால் சாவியைப் பிடுங்கினார். தைரியநாதன் பைபிள் மேல் சத்தியம் செய்தார். “டிரம்மு பொய் சொல்லாதுடா” என்று நாராயணசாமி சிரித்தார். அதற்குப் பிறகு அந்த மனுஷனுக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை.

அப்புறம் பழையபடி நாராயணசாமியே ஓட்டினார். எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் மலையிலிருந்து இறங்கும்போது வண்டி பாறையில் மோதியது. எருமை குறுக்கே வந்துவிட்டது என்றார். அந்த இடத்துக்கு எருமை வளைவு என்று பேரே வந்துவிட்டது. அவருக்கு இடுப்பு போயிற்று. வண்டியில் வந்த மலைக்காரி இருசம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியது. பத்து மாதம் ஜீப் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது.

மகன் இளஞ்செழியனுக்குப் பதினெட்டு முடிந்த கையோடு லைசன்ஸ் வந்தது. எண்பத்தேழாம் வருஷம் ஆவணியில் சாவியை அவனிடம் கொடுத்தார். கொடுத்த அன்று சாயங்காலமே முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விரலை விட்டவர் எடுக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார்.

“எங்கடா போயிருந்த?”

“மலைக்குதான்பா.”

“வெள்ளிமலைக்கா?”

“வெள்ளிமலைக்குதான்.”

மறுநாளும் தொட்டார். அதற்கு மறுநாளும் தொட்டார். டிரம்மில் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் என் மெஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“டெய்லரே, பையன் எங்கியோ போய்க்கினு வர்றான்.”

“எங்க போவான்? வயசுப் பையன், மெதுவா ஓட்டறான் போல.”

“மெதுவா ஓட்டுனா டிரம்மு சுடாதா? சாராயம் ஏத்தறானுவளே, அவனுவ கூட சேந்துட்டானா? இல்ல எதுனா பொண்ணு சமாச்சாரமா?”

“ரெண்டும் இருக்காதுங்க.”

“ஒனக்கு இன்னா தெரியும்? நீ துணிய வெட்டு.”

அவருடைய சந்தேகத்துக்குத் தீனி போடவே வந்தது போல, சாமை வியாபாரம் பண்ணுகிற சடையன் ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று சத்தம் போட்டான்.

“உம்புள்ள இன்னா டைவரு? பானெட்டு மேல குந்தக்கூடாதுன்றான். பின்னால தொங்கக்கூடாதுன்றான். பதினோரு பேருக்கு மேல ஏத்தமாட்டன்றான். வளைவுக்கு வளைவு ஆரன் அடிச்சிக்கினு, ஊர்வலம் போற மாதிரி போறான். உங்காலத்துல இருவத்தஞ்சு பேரு வருவமே!”

சடையன் போனபிறகு நாராயணசாமி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “பாத்தியா? ஏன் ஆளைக் கம்மி பண்றான்? கூட வர்ற கண்ணு கம்மியா இருந்தாதான அவன் வேல நடக்கும்?”

சந்தேகப்படுகிற மனுஷனுக்கு எதைச் சொன்னாலும் அது சாட்சியாகிவிடும். பையன் சீக்கிரம் வந்தால் போகவே இல்லை, நேரமாக வந்தால் வேறெங்கோ போனான். அவன் அம்மா பச்சையம்மாள் களியைக் கிண்டிக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள். “பெத்த புள்ளய மோப்பம் புடிச்சிக்கினு இருக்கறியே, உனக்கு வேற வேல இல்ல?” இளஞ்செழியன் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். அவனும் கொஞ்சம் வாயைத் திறந்திருக்கலாம் என்று எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

புரட்டாசி பிறந்த வியாழக்கிழமை இட ஒதுக்கீட்டு மறியல் தொடங்கியது. ஒரு வாரத்துக்கு ஒரு வண்டி ஓடாது என்று முன்னாலேயே பேச்சு. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் பாதி இளவட்டங்களைக் காணோம். கள்ளக்குறிச்சி ரோட்டை மறிக்க வரிசையாக மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்றார்கள். ரேடியோவை வைத்திருந்த வீட்டில் கூட்டம். மழை வருவது போல் மூடிக்கொண்டு, வராமல் புழுங்கியது.

இளஞ்செழியன் விடியற்காலையிலேயே மலைக்குக் கிளம்பியிருந்தான். மேலே இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லை, இறக்கி வர வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். மத்தியானம் வர வேண்டியவன் நாலரை மணிக்கு வந்தான். ஜீப்பின் பின்பக்கம் முழுக்கப் புளிய இலை, மரத்தூள், சிராய். ஒரு கட்டு பச்சைப் புளியங்கிளையை இறக்கி அம்மாவிடம் போட்டான்.

“அடுப்புக்கு ஆவும்மா.”

“பச்சப் புளி எரியறதுக்கு ஒரு வாரம் ஆவும். போடு அந்தாண்ட” என்றாள் பச்சையம்மாள்.

நாராயணசாமி முக்காலியில் உட்கார்ந்து விரலை விட்டார். எழுந்து முன்சக்கரத்துக்கும் போனார். நாலு சக்கரத்தையும் தொட்டார்.

“இது மலைக்குப் போன வண்டியாடா?”

“ஆமாம்பா.”

“நீயே தொட்டுப் பாரு. கெணத்துத் தண்ணி மாதிரி ஜில்லுனு கெடக்குது.”

“அடிவாரத்துல புளியமரம் வெட்டிப் போட்டிருந்தாங்க. கெளையக் கழிச்சி வழி பண்ணிக்கினு வர ரெண்டு மணி நேரம் ஆச்சி. ஆறிப்போயிருக்கும்.”

“இன்னிக்கு மரம் கெடந்துச்சி. நேத்து? முந்தாநேத்து? மூணு வாரமா கெடக்குதா மரம்?”

பையன் உள்ளே போய்விட்டான். நாராயணசாமி மரத்தூளை உள்ளங்கையில் அள்ளி என்னிடம் காட்டினார்.

“சாராயமும் இல்ல, பொண்ணும் இல்ல. மரம் வெட்டற பசங்கள ஏத்திக்கினு திரியறான்.”

“மரம் இன்னிக்குத்தான விழுந்துச்சி? மூணு வாரமா இன்னா பண்ணானாம்?”

“எங்கெங்க வெட்றதுன்னு பாத்துக்கினு வந்திருப்பானுவ.”

நான் என் மெஷினுக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை ஏட்டு வந்தார். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு ஜீப்பைச் சுற்றி வந்தார். பின்பக்கம் இன்னும் இரண்டு மூன்று இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

“அடிவாரத்துல மரம் வெட்டுனவனுங்க ஜீப்புல வந்து எறங்குனானுங்கன்னு சொல்றாங்க. உம்புள்ள வியாழக்கிழம எங்க போனான்?”

“மலைக்குப் போனதா சொல்றான்ங்க.”

“அவன் சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு. நீதான் கைய வெச்சே கண்டுபுடிக்கற ஆளாச்சே. வெச்சியா அன்னிக்கு?”

பச்சையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளஞ்செழியன் அப்பாவையே பார்த்தான். ஆமாம், சுட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பார். நாராயணசாமி கைத்தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

ஏட்டுக்குப் புரிந்துவிட்டது. “திங்கக்கெழம பத்து மணிக்கு வண்டி, பையன், லைசன்ஸ் மூணும் ஸ்டேஷனுக்கு வரணும். மலைக்குப் போனதுக்கு ஆள் இருந்தா கூட்டிக்கினு வா. இல்லன்னா கேஸுதான். வண்டி உள்ள நிக்கும், அவன் கடலூர் ஜெயிலுக்குப் போவான்.”

ஏட்டு தலை மறைந்ததும் பச்சையம்மாள் அழத் தொடங்கினாள். “வாயில இன்னா கொழுக்கட்டயா? புள்ளயக் காட்டிக் குடுத்துட்டியே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மேல் எனக்கும் கோபம்தான். பொய் சொல்லாத மனுஷன் என்று மெச்சிக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் நாராயணசாமி என்னிடம் வந்தார்.

“காலையில மலைக்குப் போறம். அன்னிக்கு இருசம்மாள எறக்கிக்கினு வந்தன்றான். அவளக் கேக்கணும். நீயும் வா.”

“நான் எதுக்குங்க?”

“எம் முன்னால ஒரு மாதிரி சொல்லுவாளுவ. ரெண்டு பேரு காதுல வுழட்டும்.”

திங்கட்கிழமை பலபலவென்று விடியும்போது கிளம்பினோம். விபத்துக்குப் பிறகு அவர் அந்த ஜீப்பில் ஏறுவது அதுதான் முதல் தடவை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். பையன் கை கொடுத்தான், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடிவாரத்தில் கிளை கழித்த புளியமரம் ரோட்டோரத்தில் கிடந்தது. ஜீப் நுழைகிற அளவுக்கு வழி. வெட்டு வாய் இன்னும் சிவப்பாக ஈரமாக இருந்தது. அவர் அதையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெள்ளிமலையில் பனி விலகவில்லை. டீக்கடையில் சாமை மூட்டை மேல் சடையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருசம்மாள் கோணல் கையால் டம்ளரைப் பிடித்து ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கெழம யாரு வண்டியில எறங்கன?” என்று நாராயணசாமி எடுத்த எடுப்பில் கேட்டார்.

“உம்மவன் வண்டியிலதான் டைவரே. எந்தம்பி பொண்டாட்டிக்கு வவுத்து நோவு. கீழ மரம் கெடந்துச்சி. எங்காளுங்க கையில கொடுவா இருந்துச்சி, நாங்கதான் கழிச்சம். ஒரு கட்டு கெளைய உம்பொண்டாட்டிக்குன்னு நாந்தான் தூக்கிப் போட்டன்.”

“யாரு சொல்லிக் குடுத்தாங்க இதெல்லாம்?”

இருசம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். “யாரு சொல்லிக் குடுக்கணும்? பத்து மாசமா நான் எந்த வண்டியிலயும் ஏறல. நடந்துதான் எறங்கனன். உம்மவன் ஓட்டறான்னு தெரிஞ்சிதான் மறுபடி ஏறனன். கூப்புடு உன் போலீச, அங்க வந்து சொல்றன்.”

அன்றைக்குக் கிளை கழித்தவர்களில் தானும் ஒருவன் என்று இருசம்மாளோடு சடையனும் ஏறிக்கொண்டான். நாராயணசாமி என் காதருகே குனிந்தார். “ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க பாத்தியா? பேசி வெச்சது.” எனக்கு அவரை அங்கேயே இறக்கிவிட்டுவிட்டு வரலாம் போல இருந்தது.

இறக்கம் தொடங்குகிற இடத்தில் இளஞ்செழியன் வண்டியை நிறுத்தி, பின்னால் தொங்குகிறவர்கள் யாராவது உண்டா என்று பார்த்தான். பிறகு இரண்டாவது கியரைப் போட்டான். எஞ்சின் முனகத் தொடங்கியது.

“எதுக்குடா இப்படிக் கத்துது? நியூட்ரல்ல தள்ளு.”

“வேணாம்பா.”

“மலை தானா எறக்கி வுடும். எதுக்கு டீசல எரிக்கற? கியர்ல எறக்குனா பல்லு தேஞ்சி போவும்டா.”

“தேயாதுப்பா.”

“இருவத்திரண்டு வருஷம் ஓட்டனவன் சொல்றன்.”

அவன் ஹாரனை அடித்தான். வளைவு வந்தது. நான் நடுவில் உட்கார்ந்திருந்ததால் இரண்டு பேர் காலும் எனக்குத் தெரிந்தது. நாராயணசாமியின் கால் வளைவுக்கு வளைவு வெறும் தகட்டைப் போட்டு மிதித்தது. பையனின் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் சும்மா இருந்தது. எப்போதாவது ஒருதரம் தொட்டுவிட்டு எடுத்தது. எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. மாடு நடக்கிற வேகத்தில் இறங்கினோம்.

எருமை வளைவு வந்தது. பாறையில் பழைய பச்சைப் பெயின்ட் கீறல் அப்படியே இருந்தது. பின்னாலிருந்து இருசம்மாள் கோணல் கையை மடியில் வைத்துத் தடவினாள்.

“எருமை வந்துடுச்சி” என்றார் நாராயணசாமி, வெளியே பார்த்துக்கொண்டு.

வண்டி இன்னும் இரண்டு வளைவு தாண்டியது.

“எருமை இல்ல” என்றார். “மிதிச்சன். காலு உள்ள போய்க்கினே இருந்துச்சி. வண்டி கேக்கல.”

“தெரியும்பா. பின்னால நாந்தான குந்திக்கினு இருந்தன்.”

“பின்ன ஏன்டா சொல்லல?”

“இன்னான்னு சொல்லச் சொல்ற? நியூட்ரல்ல வந்ததாலதான் ஆச்சின்னு உன்னப் பாத்துச் சொல்லணுமா? கியர்ல எறக்கறன்னு சொல்லியிருந்தா சாவியப் புடுங்கிக்கினு இருப்ப.”

அடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். முக்காலி இல்லை. ரோட்டில் அப்படியே உட்கார்ந்து விரலை விட்டார். வெடுக்கென்று இழுக்கவில்லை. விரல் உள்ளேயே இருந்தது. எழுந்து நடக்க முடியாமல் நகர்ந்து நகர்ந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார். வேட்டியெல்லாம் புழுதி.

“மலையிலேர்ந்துதான் வர்றம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் கூடத்தான் வந்தேன் என்பது அவருக்கு மறந்துவிட்டது போல.

“ரெண்டாவது கியர்ல எறக்கச் சொல்லி யாருடா ஒனக்குச் சொன்னது?”

“தைரியநாதண்ணன். லீவுல அவரு கூட வண்டியில போவன் இல்ல? எந்த கியர்ல ஏறுறமோ அதே கியர்ல எறங்கணும்னு சொல்வாரு.”

“அவன் எப்பவும் இப்படித்தான் எறக்குவானா?”

“எப்பவும் இப்படித்தான்பா.”

நாராயணசாமி டிரம்மிலிருந்து விரலை எடுத்தார். விரலில் கரி. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சடையனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஏட்டு நின்றிருந்தார். “இன்னா டைவரே, டிரம்மு இன்னா சொல்லுது?”

“டிரம்மு ஒன்னும் சொல்லலிங்க. இத்தினி வருஷமா நான் தொட்டுப் பாத்ததெல்லாம் எங்காலு பண்ண சூடுங்க. அத வெச்சி அவன் போவலன்னு நெனச்சிட்டன். எம்புள்ள அன்னிக்கு மலையிலேர்ந்துதான் வந்தான். நான் ஸ்டாம்பு பேப்பர்ல எழுதித் தர்றன்.”

இருசம்மாளும் சடையனும் தங்கள் ஊரையும் பெயரையும் சொன்னார்கள். இருசம்மாள் கோணல் கையை ஏட்டின் முகத்துக்கு நேரே நீட்டி, இந்தக் கை ஒடிந்த பிறகு எவன் வண்டியில் ஏறலாம் என்று தனக்குத் தெரியும் என்றாள். ஏட்டு எழுதிக்கொண்டார். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அந்தக் கேஸ் அதற்கு மேல் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியது. “சங்கராபுரம் ரோட்டுல வுடு” என்றார் நாராயணசாமி.

“மரம் கெடக்குதுப்பா.”

“எப்ப எடுப்பாங்க?”

“பொதங்கெழமையோட மறியல் முடியுதுன்றாங்க.”

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவர் முக்காலியைத் தொடவில்லை. பச்சையம்மாள் கூப்பிட்டால்தான் சாப்பிட வந்தார். மரங்களை அப்புறப்படுத்தி பஸ் ஓட ஆரம்பித்த மறுநாள் என் மெஷினுக்கு எதிரே வந்து நின்றார். “வா” என்றார். சாட்சிக்கா, துணைக்கா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரோட்டின் இரண்டு பக்கமும் துண்டு போட்ட மரங்கள் கிடந்தன. தைரியநாதன் வீடு கரும்புக் கொல்லைக்கு இந்தப் பக்கம், ஓலைக் கூரை. அவர் மனைவி பவுலின் முறத்தில் மல்லாட்டைக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

“அவரு இல்ல. கரும்புச் சோகை உரிக்கப் போயிருக்காரு.”

நாராயணசாமி தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். பவுலின் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

“இப்ப இன்னா காணலன்னு வந்திருக்கறீங்க?”

வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டு வந்தவர், எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். அதில் ஒன்றும் வெளியே வரவில்லை.

“ஒன்னும் காணாமப் போவலம்மா” என்றார். “எப்ப வருவாரு?”

தைரியநாதனை அவர் ‘வருவாரு’ என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பவுலினும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“பொழுது சாஞ்சிடும்.”

“இருக்கறன்.”

ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். உச்சி வெயில் காய்ந்தது. நிழலுக்குப் போகலாம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வெகுநேரம் கழித்து பவுலின் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து இளஞ்செழியனிடம் கொடுத்தாள். அவன் கொஞ்சம் குடித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினான்.

அவர் வாங்கவில்லை. கரும்புக் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டு, “அவரு வரட்டும்” என்றார்.